ஆர்மேனியாவின் பழைய தலைநகரம் அனி ஏன் கைவிடப்பட்டது?

அனி, பாக்ரதூனி அரசர்களின் தலைநகரம். 961-இல் மன்னர் மூன்றாம் அஷோத் முந்தைய தலைநகரமான கார்ஸிலிருந்து இங்கே மாறினார். இன்று துருக்கியில், ஆர்மேனிய எல்லையோரம் இடிந்து கிடக்கிறது. இரு பக்கமும் ஆழமான பள்ளத்தாக்கு, வடக்கே இரட்டை மதில், வாசலிலேயே வணிகப் பாதை. நாலு ரூட் பஸ் நிற்கிற ஜங்ஷனில் கடைத்தெரு தானாக வளருமே, அப்படித்தான் வளர்ந்தது. 1001-இல் முடிந்த பேராலயத்தைக் கட்டிய த்ரதாத்தான் நிலநடுக்கத்தில் சரிந்த, இன்றைய இஸ்தான்புல்லின் ஹாகியா சோபியா தேவாலயக் குவிமாடத்தையும் சீரமைத்தவர், என்ன கை அது! 1045-இல் பைசாந்தியர் (கிழக்கு ரோமப் பேரரசினர்), 1064-இல் செல்ஜுக் துருக்கியர், 1236-இல் மங்கோலியர் என்று ஒவ்வொருவராக ஊரைப் பிடித்தார்கள்; 1319-இல் நிலநடுக்கம், அப்புறம் வணிகமும் வேறு பாதைக்குப் போக, ஊர் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியானது.

1064-லேயே எல்லாம் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்; ஆனால் வணிகர் திக்ரான் ஹோனெண்ட்ஸ், சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த தேவாலயத்தைக் கட்டியதே 1215-இல்தான்.