பவளப்பாறையில் சிக்கிய வலையை இழுக்க வேண்டாம்

கீழக்கரைப் பக்கம் பவளப்பாறையில் சிக்கிய பழைய வலையை நண்பர்களோடு இழுத்தெடுத்து, உடைந்த பவளத் துண்டுகளை நீங்களே நடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல மனசு. ஆனால் இழுக்காதீர்கள், மான்கொம்புப் பவளம் வலையோடு சேர்ந்து முறிந்து வந்துவிடும். முக்குளிக்கத் தெரிந்தவர்கள் கத்தரியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித்தான் எடுக்க வேண்டும். பவளத்துக்குள் இறுகிப்போன இழையை அப்படியே விடுவதே மேல்.

அப்புறம், கீழக்கரைக்கு எதிரே உள்ள மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிய கடல், தேசியப் பூங்கா. 1972 வனவிலங்குச் சட்டமும் பவளத்தைக் காக்கிறது. ஆகவே முதலில் வலை கிடக்கும் இடத்தையும் ஆழத்தையும் எழுதி இராமநாதபுரம் வனத்துறையிடம் கொடுங்கள். பவளம் நடுவதைப் பற்றித் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தாரிடம் கேளுங்கள், அனுபவசாலிகள். ஏப்ரல், மே வெப்பத்தில் பவளம் நிறமிழந்து வெளுத்து நலியும். அப்போது நடவே வேண்டாம். இதற்கிடையே, மீனவர்கள் கிழிந்த வலையைக் கடலில் வீசாதபடி கரையிலேயே வாங்கிச் சேர்த்து வையுங்கள்.