காமிக்ஸ் கேள்வி பதில்: பார்பராவ ஏன் சுட்டாங்க?

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பேட்மேன் காமிக்ஸ் 'தி கில்லிங் ஜோக்' படிச்சேன். எல்லாரும் கிளாசிக்னு கொண்டாடுறாங்க, எனக்கு பார்பராவ சுடுற இடத்துலயே மனசு விட்டுப்போச்சு. எங்க அண்ணன் "ஜோக்கர் வில்லன்தானே, வில்லன் அப்படித்தான் பண்ணுவான்"னு சொல்றான். நான் ஓவரா ஃபீல் பண்றேனா?

ஓவரெல்லாம் இல்லம்மா, சரியான இடத்துலதான் உங்களுக்கு வலிச்சிருக்கு. வில்லன் கெட்டவன்னு அண்ணன் சொல்றது வாஸ்தவம்தான், அதுல யாருக்கும் சண்டை இல்ல. ஆனா கதை அந்தப் பொண்ண எப்படி நடத்துதுன்னு பாருங்க. 1988ல ஆலன் மூர் எழுதி பிரையன் போலண்ட் வரைஞ்ச கதை அது. பார்பரா கார்டன் 1967லயே பேட்கேர்ள்ங்கிற சூப்பர் ஹீரோயினா வந்தவங்க, டாக்டர் பட்டம் வாங்கின லைப்ரரியன், தனியா நின்னு சண்டை போட்டவங்க. அவங்க இந்தக் கதையில கதவத் திறக்குறாங்க, குண்டு பாயுது, ஜோக்கர் அவங்க துணிய அவுத்து போட்டோ எடுக்குறான், அந்த போட்டோவ அவங்க அப்பா போலீஸ் கமிஷனர் கார்டன்கிட்ட காட்டி அவர பைத்தியமாக்கப் பார்க்குறான். அவ்ளோதான். அப்புறம் ஒரு ஆஸ்பத்திரி சீன், அதோட பார்பரா கதையிலருந்தே காலி, மிச்சமெல்லாம் அப்பா, பேட்மேன், ஜோக்கர் மூணு ஆம்பளைங்களோட கதை. சுடப்பட்டவளுக்கு என்ன தோணுச்சுன்னு கேக்க அந்தக் கதைக்கு நேரமே இல்ல. அந்த இடத்துல என்னைக் கட்டுப்படுத்தியிருக்கணும்னு ஆலன் மூரே பின்னாடி சொல்லியிருக்கார்.

இது ஒரு கதையோட நிக்கல. 1994ல கிரீன் லேன்டர்ன் காமிக்ஸ்ல ஹீரோவோட காதலி அலெக்ஸாண்ட்ராவ கொன்னு ஃப்ரிட்ஜுக்குள்ள அடைச்சு வெச்சுருப்பாங்க, ஹீரோ வந்து திறந்து பாக்கணும், அவனுக்குக் கோவம் வரணும், அதுக்குத்தான் அந்தப் பொண்ணு கதைக்குள்ளயே வந்தா மாதிரி இருக்கும். 1999ல கெயில் சிமோன்னு ஒரு வாசகி, அப்போ அவங்க பியூட்டி பார்லர்ல முடி வெட்டுற வேலை பாத்துட்டிருந்தாங்க, கொல்லப்பட்ட, பலாத்காரம் செய்யப்பட்ட, சக்தி பறிக்கப்பட்ட பெண் கேரக்டர்களை எல்லாம் லிஸ்ட் போட்டு 'விமன் இன் ரெஃப்ரிஜிரேட்டர்ஸ்'னு இணையத்துல போட்டு, காமிக்ஸ் எழுதுறவங்ககிட்ட நேராவே கேட்டாங்க. ஹீரோக்களும்தான் சாகுறாங்கன்னு பதில் வந்துச்சு. சாகுறாங்க, ஆனா திரும்பி வந்துடுறாங்களே! சூப்பர்மேன் 1992ல செத்து அடுத்த வருஷமே வந்துட்டார், 1993ல பேன்ங்கிற வில்லன் முதுகெலும்ப உடைச்ச பேட்மேன் கொஞ்ச நாள்லயே எழுந்து நடந்துட்டார், அதே ஊர்ல அதே முதுகெலும்புல அடிபட்ட பார்பரா இருபது வருஷத்துக்கு மேல வீல்சேர்ல.

ஆனா உங்ககிட்ட நான் முக்கியமா சொல்ல ஆசைப்படுறது இதுக்கப்புறம் நடந்தத. கிம் யேல்னு ஒரு எழுத்தாளர், பார்பராவ இப்படித் தூக்கிப் போட்டத அவங்களால தாங்கிக்க முடியல. அவங்களும் அவங்க கணவர் ஜான் ஆஸ்ட்ராண்டரும் 1989ல 'சூசைட் ஸ்குவாட்' காமிக்ஸ்ல ஆரக்கிள்னு ஒரு மர்ம ஆள கொண்டுவந்தாங்க, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்துட்டு எல்லா தகவலையும் விரல்நுனியில வெச்சிருக்கிற ஆள், கடைசியில பாத்தா அது பார்பரா! காலு போச்சு, ஆனா லைப்ரரியனோட மூளை போகலையே. அப்புறம் பேட்மேனே அவங்ககிட்ட தகவல் கேட்டு நிக்கிற அளவுக்கு வளந்தாங்க. 1996லருந்து 'பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே' காமிக்ஸ்ல ஹீரோயின்கள் டீமையே நடத்துனாங்க, 2003ல அத எழுத வந்தது யாருன்னு நெனைக்கிறீங்க, லிஸ்ட் போட்ட அதே கெயில் சிமோன். 2011ல பேட்மேன் கதைகள வெளியிடுற டிசி நிறுவனம் எல்லாத்தையும் புதுசா ஆரம்பிச்சப்ப பார்பராவ மறுபடி நடக்க வெச்சாங்க, அதையும் கெயில்தான் எழுதுனாங்க, ஆனா வீல்சேர்ல இருக்கிற வாசகர்கள் பலருக்கு எங்க ஆள எங்ககிட்டருந்து பறிச்சுட்டாங்களேன்னு ரொம்ப வருத்தம். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. பார்பராவுக்கு நடந்தது அநியாயம், ஆனா ஆரக்கிள் அழிக்க வேண்டிய தப்பு இல்ல, ரெண்டும் நிஜம்தான்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: ஆண் ஹீரோக்களும்தான் டைட் டிரெஸ் போடுறாங்க. பொண்ணுங்க டிரெஸ் மட்டும் ஏன் பிரச்சினையாகுது?

டிரெஸ்ஸ விடுங்க, நிக்கிற விதத்தப் பாருங்க. ஆண் ஹீரோவோட உடம்பு படிக்கிற பையன் "நானும் இப்படி ஆகணும்"னு ஆசைப்படுறதுக்கு வரைஞ்சது. பெண் ஹீரோவ சண்டைக்கு நடுவுலயும் மார்பும் பின்புறமும் ஒரே நேரத்துல தெரியுற மாதிரி முறுக்கி வரையறாங்க, முதுகெலும்பு இருக்கிற மனுஷியால அப்படி நிக்கவே முடியாது. 2012ல வாசகர்கள் ஹாக்ஐங்கிற ஆண் ஹீரோவ அதே போஸ்ல வரைஞ்சு போட ஆரம்பிச்சாங்க, தேடிப் பாருங்க, ஒரு நிமிஷத்துல புரிஞ்சுடும்.

மதுரையிலிருந்து ஒரு காமிக்ஸ் ரசிகர்: அப்போ நம்ம இளவரசி மாடஸ்டி?

1984ல தமிழ்ல வந்த லயன் காமிக்ஸோட முதல் இதழே சாகச ஹீரோயின் மாடஸ்டி கதைதான், நம்ம ஊர் பசங்க ஒரு பொண்ண ஹீரோவா ஏத்துக்கிட்டு வளந்தாங்கங்கிறது சின்ன விஷயமில்ல. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல ஈரான்ல பாத்த ஒரு அகதிச் சிறுமிய மனசுல வெச்சு எழுத்தாளர் பீட்டர் ஓ'டோனல் உருவாக்குன கேரக்டர் அது. எனக்கு ரொம்பப் பிடிச்சது மாடஸ்டிக்கும் அவங்க கூட்டாளி கார்வினுக்கும் இருக்கிற நட்புதான், காதல் கிடையாது, முடிவு எடுக்கிறது அவங்க, உயிரக் குடுக்கிறது ரெண்டு பேரும். அதே சமயம் எதிரிங்கள திகைக்க வைக்க மேலாடை இல்லாம உள்ள நுழையிற தந்திரமும் ஒரிஜினல்ல இருக்கு, அது எனக்குப் பிடிக்கல. அதுக்காக இளவரசிய விட்டுக்குடுக்க மாட்டேன்.