விளக்கு வெளிச்சத்தில் விஸ்டீரியா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: டொராண்டோவில் ஏழாவது மாடி, வடக்குப் பார்த்த ஜன்னல். விளக்கை மட்டும் நம்பி விஸ்டீரியா கன்று வளர்க்க முடியுமா?

வளர்க்கலாம். ஆனால் வீட்டு பல்பு எதற்கும் உதவாது. ஊதாப் பூக்கள் சரம்சரமாகத் தொங்கும் இந்தக் கொடிக்கு வெளியே நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும், அதற்கு ஓரளவு ஈடான ஒளியை நீங்கள்தான் தர வேண்டும். செடிகளுக்கென்றே விற்கும் வெள்ளை எல்இடி வாங்குங்கள். வாட்டைப் பார்க்காதீர்கள், பிபிஎஃப்டி (PPFD) என்ற அளவைப் பாருங்கள், செடிக்குப் பயன்படும் ஒளி ஒரு விநாடிக்கு எவ்வளவு விழுகிறது என்பதை அது சொல்லும். இலை மட்டத்தில் அது 400 இருந்து, விளக்கு 14 மணி நேரம் எரிந்தால், நாளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 20 மோல் (ஒளியின் மொத்த அளவைச் சொல்லும் அலகு) ஒளி சேரும், இளங்கன்றுக்கு அது நல்ல அளவு. போனில் லக்ஸ் (கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அலகு) அளக்கும் செயலிதான் இருக்கிறது என்றால், வெள்ளை எல்இடியில் ஏறக்குறைய 27,000 லக்ஸ் வர வேண்டும். சாதாரண அறை வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். கணுக்களுக்கு நடுவே தண்டு நீண்டு நீண்டு போனால் ஒளி குறைவு, உச்சி இலை வெளுத்துக் கருகினால் விளக்கு நெருக்கம். டைமர் போட்டு இரவில் கட்டாயம் அணைத்துவிடுங்கள்.

கேள்வி: அப்படியே உள்ளே வைத்தால் பூக்குமா?

பூக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்: விளக்கு கொடியை வளர்க்கும், அதற்குக் குளிர்காலத்தைத் தராது. விஸ்டீரியா இலையுதிர்க்கும் கொடி. அக்டோபரில் விளக்கு நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இலை உதிர்ந்ததும் ஹீட்டர் இல்லாத இடத்தில், 0 முதல் 7 டிகிரிக்குள், இரண்டு மூன்று மாதம் தூங்க விடுங்கள், மண் மட்டும் முழுதாகக் காயக் கூடாது. டொராண்டோ பால்கனியில் தொட்டியை அப்படியே விட்டால் வேர் உறைந்து செத்துப்போகும், கராஜ் கிடைத்தால் நல்லது.

அப்புறம், விதையிலிருந்து வந்த கன்று பூக்கப் பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம். ஒட்டுக்கன்று வாங்குங்கள், இல்லையென்றால் அமெரிக்க இனத்தில் 'அமெதிஸ்ட் ஃபால்ஸ்' ரகம், அது சின்ன வயதிலேயே பூக்கும், சீன ரகம் அளவுக்கு முரட்டுத்தனமாகவும் வளராது.

கேள்வி: எந்தத் தளிரை விடுவது, எதை வெட்டுவது?

ஒரே ஒரு வலுவான தண்டைத் தேர்ந்தெடுத்து உறுதியான கொழுகொம்பில் கட்டுங்கள், அடியிலிருந்து கிளம்பும் மற்றவற்றை எடுத்துவிடுங்கள். தண்டைக் கொம்பைச் சுற்ற விடாதீர்கள். இன்று நூல் மாதிரி இருப்பது சில வருடத்தில் மரமாகத் தடித்து, கொம்பைப் பிரிக்கவே முடியாதபடி இறுக்கிக்கொள்ளும். மென்மையான துணி நாடாவை எட்டு வடிவில் கட்டி, அடிக்கடி தளர்த்துங்கள். சீன விஸ்டீரியா இடஞ்சுழியாகவும் ஜப்பானியது வலஞ்சுழியாகவும் சுற்றும், பெயர்ச்சீட்டில் சந்தேகம் இருந்தால் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

ஒரு மீட்டர் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், மேலே மூன்று நான்கு கிளை போதும். அந்தக் கிளைகளிலிருந்து வரும் நீளமான தளிர்களைக் கோடையில் ஐந்தாறு இலை விட்டு வெட்டி, அதையே குளிர்காலக் கடைசியில் இரண்டு மூன்று மொட்டாகக் குறைக்க வேண்டும். இந்த இரட்டைக் கவாத்தை வருடாவருடம் செய்தால்தான் பூமொட்டு வைக்கும் குட்டைக் கிளைகள் உருவாகும்.

கேள்வி: இலை மஞ்சளாகிறது, யூரியா போடலாமா?

வேண்டாம். இது பயறு வகைக் குடும்பம், வேர்முடிச்சு வழியாகக் காற்றிலிருந்தே தழைச்சத்து எடுக்கக் கூடியது, மேலும் கொட்டினால் இலைதான் மண்டும். நரம்பு பச்சையாக, நடுவில் மட்டும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் காரத்தன்மையுள்ள கடின நீரால் வரும் இரும்புச்சத்துக் குறை. இலையில் பொடிப்பொடியாகப் புள்ளி, அடியில் மெல்லிய வலை என்றால் செஞ்சிலந்தி. ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்புறம் நனையத் தண்ணீர் பீய்ச்சுங்கள், ஒருமுறை போதாது, வாரம் ஒன்றிரண்டு தடவை.

கேள்வி: வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. ஆபத்தா?

செடியின் எல்லாப் பாகமும் நச்சு, விதையும் காயும்தான் மிக அதிகம், தின்றால் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். இளங்கன்றில் காய் இருக்காது, ஆனாலும் செடியைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள், விதை வாங்கி ஊறப்போடுகிறவர்கள் கிண்ணத்தையும். வாயில் போட்டுவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: சென்னையில் ஏசி அறையில் வைத்தால்?

ஏசியின் 18 டிகிரி குளிர்காலம் ஆகாது. மொட்டைமாடியில் பெட்ரியா என்ற வெப்பநாட்டுக் கொடியை வையுங்கள். அதே ஊதாச் சரம், நம் வெயிலில் பூக்கும்.