தேன்மொழி மும்பை போகட்டும்

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் நான்கு ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. ஊரை விட்டுப் பெரிய நகரத்துக்கு வேலைக்குப் போகும் பெண்ணைப் பற்றிய நாவல்கள்தான் அந்த விஷயம். எனக்கு மனசுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கோவில்பட்டி வாசகி: அக்கா, நான் லேசாகப் படிக்கிற மாதிரி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கதாநாயகி தேன்மொழி, வயது 24, எங்கள் ஊர்ப் பெண். மதுரையில் சின்ன விளம்பர கம்பெனியில் இருந்தவளுக்கு மும்பையில் பெரிய வேலை கிடைக்கிறது. பத்து அத்தியாயம் முடித்துவிட்டேன். படித்த தோழிகள் ‘நல்லா இருக்கு, ஆனா மும்பை மாதிரியே இல்லை’ என்கிறார்கள். நான் மும்பைக்குப் போனதே இல்லை. என்ன செய்ய?

நீங்கள் அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். கோவில்பட்டிப் பக்கங்கள் உயிரோடு இருக்கின்றன. தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதும் அப்பா, கடலைமிட்டாய் நொறுங்கக் கூடாதென்று இரண்டு சேலைகளுக்கு நடுவில் வைத்துப் பெட்டியை மூடும் அம்மா, இவர்களை நான் மறக்க மாட்டேன். ஆனால் ஒன்றரை நாள் ரயிலில் போய் அவள் இறங்கியதும் எல்லாம் மங்கிவிடுகிறது. கடல் வருகிறது, கேட்வே ஆஃப் இந்தியா வருகிறது, உயரமான கட்டடங்கள் வருகின்றன. அதெல்லாம் காலண்டரில் பார்க்கிற மும்பை. வேலைக்குப் போகிறவளுக்கு மும்பை என்றால் காலையில் எந்த லோக்கல், எந்தப் பெட்டி, அதில் கால் வைக்க இடம் கிடைக்குமா என்பதுதான்.

நான் போனது 1996-ல், பம்பாய் மும்பை ஆன மறு வருடம். காந்திவலியில் ஹாஸ்டல், சர்ச்கேட்டில் வேலை. செகண்ட் கிளாஸ் லேடீஸ் பெட்டியில் ஒரு இருக்கையில் மூன்று பேர் உட்காருவார்கள். நான்காவதாக ஒருத்தி வந்து நின்றால் மூன்று பேரும் பேசாமல் கொஞ்சம் கொஞ்சம் நகர்வார்கள். அவள் பாதி உடம்பு இருக்கையிலும் பாதி வெளியிலுமாக உட்கார்ந்துகொள்வாள். அதற்கு ஃபோர்த் சீட் என்று பேர். நிற்கிறவள் உட்கார்ந்திருப்பவளிடம் பேரைக் கேட்க மாட்டாள், எங்கே இறங்குகிறாய் என்றுதான் கேட்பாள். அந்தேரி என்று பதில் வந்துவிட்டால் அந்தேரிக்குப் பிறகு அந்த இடம் இவளுக்கு. நடுவில் இன்னொருத்தி வந்து கேட்டால் ‘சொல்லியாச்சு’ என்று கையைக் காட்டிவிடுவார்கள். டிக்கெட்டும் இல்லை, சீட்டும் இல்லை, ஆனாலும் அந்த வாக்கு தவறி நான் பார்த்ததில்லை.

எனக்கு முதல் வாரம் இந்த ஏற்பாடு தெரியாமல் தினமும் நின்றுகொண்டே போனேன். ஐந்தாவது நாளோ என்னவோ, பட்டாணி உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஓரத்தில் உட்காரவைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை, பையிலிருந்து இரண்டு கை பட்டாணியை அள்ளி என் துப்பட்டாவில் கொட்டினார். இறங்கும் வரை உரித்துக்கொடுத்தேன். ஊரை விட்டுக் கிளம்பிய பிறகு அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது.

உங்கள் தேன்மொழியை அந்தப் பெட்டிக்குள் ஏற்றுங்கள். முழு ரயிலையும் பெண்களுக்கே விட்ட லேடீஸ் ஸ்பெஷல் 1992 மே 5-ம் தேதி சர்ச்கேட்டுக்கும் போரிவலிக்கும் இடையில் ஓடத் தொடங்கியது. மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா ஸ்டேஷனை 2017-லிருந்து பெண் ஊழியர்களே நடத்துகிறார்கள். இதையெல்லாம் தகவலாக எழுதிவிடாதீர்கள். அவள் மாட்டுங்காவில் இறங்கித் தமிழ்க் கடையில் காபிப்பொடி வாங்கட்டும், டிக்கெட் கவுன்ட்டரில் ஒரு பெண், பிளாட்பாரத்தில் டிக்கெட் பரிசோதிப்பவர் ஒரு பெண் என்று கண்ணில் படட்டும், அது போதும்.

நேரில் போக முடியாவிட்டாலும் வழி இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து போனவர்கள் தாராவியில் பல தலைமுறையாக இருக்கிறார்கள். உங்கள் தெருவிலேயே யாருக்காவது அங்கே ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பார்கள். போனில் அரை மணி நேரம் பேசுங்கள். மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், அவர்களே சொல்வார்கள். உங்கள் ஏழாம் அத்தியாயத்தில் மழை காதலுக்காக மட்டும் பெய்கிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அன்றைக்கு ஆபீஸ் மேஜை மேல் படுத்துத் தூங்கியவர்களும், தண்டவாளத்தோடு இடுப்பளவு தண்ணீரில் வீட்டுக்கு நடந்தவர்களும் இன்னும் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காதலும் இருக்கட்டும், லோக்கலும் நிற்கட்டும்.

அப்புறம் பணம். தேன்மொழிக்கு வருஷம் ஆறு லட்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டால் வகுத்து மாதம் 50,000 கையில் வருகிற மாதிரி அவள் செலவு செய்கிறாள். வராது! கம்பெனி சொல்லும் ஆறு லட்சத்தில் அவர்கள் கட்டும் பிஎஃப், பணிக்கொடைக்கான தொகை எல்லாம் சேர்ந்திருக்கும். அவள் பங்குக்கு அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிஎஃப் பிடிப்பார்கள். மகாராஷ்டிராவில் தொழில் வரி வேறு இருக்கிறது. மாதம் 25,000 வரை வாங்கும் பெண்களுக்குக் கிடையாது, அதற்கு மேல் போனால் மாதம் 200 ரூபாய், பிப்ரவரியில் மட்டும் 300. அந்த நூறு ரூபாய் எதற்கென்று தெரியாமல் சம்பளச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் ஒரு பெண்ணை எழுதிப் பாருங்கள், படிக்கிறவள் அவளை உடனே நம்பிவிடுவாள். அறைக்கு அட்வான்ஸ், புரோக்கருக்குக் கமிஷன், பதினோரு மாத அக்ரிமென்ட், இதெல்லாம் முதல் சம்பளம் வருவதற்கு முன்னாலேயே வந்து நிற்கும். அந்த முப்பது நாளை அவள் எப்படி ஓட்டினாள்? அதற்கே ஒரு அத்தியாயம் தாங்கும்.

திருச்சி வாசகர்: இந்த மாதிரி நாவல்களில் தமிழ்ப் பெண் ஒரே மாதத்தில் ஹிந்தியில் பொளந்து கட்டுகிறாள். நம்பும்படியாகவா இருக்கிறது?

இல்லை. தமிழ்நாட்டில் 1968-லிருந்து இருமொழிக் கொள்கைதான், அரசுப் பள்ளியில் படித்தவளுக்கு ஹிந்தி தெரியாமல் இருப்பது இயல்பு, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மொழி அவளுக்குள் எப்படி வருகிறது என்பதில்தான் கதை இருக்கிறது. வாக்கியங்களுக்கு முன்னால் எண்கள்தான் வரும். அதிலும் ஏக், தோ, தீன் சுலபம். ஆட்டோக்காரர் ‘டேட் சௌ’ என்பார், நூற்றைம்பது. காய்கறிக்காரர் ‘டாயி சௌ’ என்பார், இருநூற்றைம்பது. ஒன்றரைக்கும் இரண்டரைக்கும் தனித்தனி வார்த்தை இருப்பது தெரியாத பெண் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். மீதி சரியாகத் திரும்பி வருகிற அன்று அவளுக்கு அந்த ஊர் மேல் ஒரு பிடிப்பு வரும்.

சேலம் வாசகி: என் மகளுக்கு 23 வயது. இப்படிப்பட்ட கதைகளைப் படித்துப் படித்தே மும்பைக்குப் போகிறேன் என்று நிற்கிறாள். வேலையும் கிடைத்துவிட்டது. இந்தக் கதைகளை நீங்கள் வேறு ஆதரிக்கிறீர்களே?

அம்மா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது, என் அம்மாவும் ஸ்டேஷனில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றார். ஆனால் புத்தகத்தைப் படித்ததால் அவளுக்கு வேலை கிடைக்கவில்லை, அவள் படிப்புக்கும் திறமைக்கும் கிடைத்தது. கதையை விட்டுவிட்டு வேலையை விசாரியுங்கள். ஆஃபர் கடிதத்தை இரண்டு பேருமாக உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள். சேருவதற்கு முன் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி, அங்கேயே நிறுத்திவிடுங்கள். தங்கும் இடத்தில் இரவு எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுவார்கள், ஆபீஸ் முடிய நேரமானால் வண்டி ஏற்பாடு உண்டா என்று கேட்கச் சொல்லுங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் பாலியல் தொல்லை பற்றிய புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ம் வருடச் சட்டம் சொல்கிறது. அதன் தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் இருக்க வேண்டும். சேர்ந்த முதல் வாரத்திலேயே அந்தக் குழுவில் யார் யார் என்று உங்கள் மகள் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். முடிந்தால் நீங்களும் கூடப் போய் நான்கு நாள் தங்கி, அவள் ஏறப்போகும் அதே லோக்கலில் ஒரு தடவை ஏறிவிட்டு வாருங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

சென்னை வாசகி: இவ்வகை நாவல்களை நானும் விரும்பிப் படிப்பேன். ஆனால் கடைசியில் கதாநாயகி வேலையை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டு ஊருக்கே வந்துவிடுகிறாளே, அது ஏன்?

ராணிமுத்து என்ற நாவல் இதழ் 1969-ல் வந்தபோதே பஸ் ஸ்டாண்ட் கடையில் வாங்கி ஒரே மூச்சில் படிக்கிற பழக்கம் நமக்கு வந்துவிட்டது, அந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். சமையல் முடித்து, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் படிக்கிறவளுக்கு மனசு லேசாகிற முடிவு வேண்டும்தான். ஆனால் 200 பக்கம் ஒருத்தியை உழைக்கவிட்டு, கடைசி நான்கு பக்கத்தில் ராஜினாமா எழுதவைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கு வேலையில் எது பிடித்தது, எதில் கெட்டிக்காரி என்று முன்னாலேயே காட்டியிருந்தால் எழுதுகிறவருக்கே அந்த ராஜினாமாக் கடிதத்தை எழுதக் கை வராது. பெரும்பாலான நாவல்களில் கதாநாயகி ஆபீஸ் போகிறாள், காபி குடிக்கிறாள், திரும்பி வருகிறாள். என்ன வேலை செய்தாள் என்பது தெரிவதே இல்லை.

கோவில்பட்டி வாசகிக்கும் இதையே சொல்கிறேன். தேன்மொழி ஒரு சோப்பு விளம்பரத்துக்கு எழுதிய வரி பதினோரு தடவை திரும்பி வருவதாக ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தப் பதினோரு வரிகளையும் எனக்குக் காட்டுங்கள். பன்னிரண்டாவது எப்படிப் பிறந்தது என்று காட்டுங்கள். அப்புறம் முதல் சம்பளத்தில் அவள் அப்பாவுக்கு ஜிபே-யில் 5,000 ரூபாய் அனுப்புகிறாள் அல்லவா, அந்த இடத்தில் அவளையே பார்த்துக்கொண்டிருக்காமல் கோவில்பட்டிக்கு வந்துவிடுங்கள். பேங்கிலிருந்து இங்கிலீஷில் மெசேஜ் வருகிறது. அப்பா அதை டீக்கடையில் எல்லாரிடமும் நீட்டி, இது என்னவென்று கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்கிறார். ஏற்கெனவே இரண்டு பேர் படித்துச் சொல்லிவிட்டார்கள்.