போர்க்காலத்தில் ராணுவம் வீரர்களுக்குக் கார்ட்டூன் காட்டியது ஏன்?

பயிற்சிக் கார்ட்டூன் என்பது, கையேட்டில் எழுதினால் யாரும் புரட்டாத பாடத்தைச் சிரிப்பில் குழைத்துத் தரும் குறும்படம். இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல் 1945 வரை, அமெரிக்க ராணுவம் உருவாக்கிய 'பிரைவேட் ஸ்நாஃபு' வரிசை இதற்குச் சரியான சான்று. ஸ்நாஃபு எதையும் தப்பாகவே செய்யும் சிப்பாய். ஒரு படத்தில், தன் கப்பல் புறப்படும் ரகசியத்தை அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாக உளறுகிறான். உளவாளிகள் துண்டுகளைச் சேர்த்துவிடுகிறார்கள். கப்பல் தாக்கப்படுகிறது.

பயிற்சியில் களைத்தவனுக்கு விரிவுரை ஏறாது. படிப்புக் குறைந்தவர்களும் படையில் இருந்தார்கள். 'அடுப்பைத் தொடாதே' என்ற அதட்டலைவிட, தொட்டுவிட்டுக் கையை உதறும் அண்ணனைப் பார்த்துக் குழந்தை சட்டென்று கற்றுக்கொள்கிறது அல்லவா? பார்ப்பவனைத் திட்டாமல், அவன் செய்யக்கூடிய தவறை ஸ்நாஃபுவின் தலையில் ஏற்றியதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது.

இவற்றைப் பொதுமக்களுக்கான பிரசாரப் படங்கள் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் இவை படைவீரர்களுக்காக மட்டுமே எடுக்கப்பட்டவை.