எந்த வாடிக்கையாளரை மறுக்கலாம்?

கேள்வி: பாலியல் தொழில் செய்கிறேன். ஒரு குறிப்பிட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவர் என்னிடம் முரட்டுத்தனமாக நடந்துகொண்டதிலிருந்து அந்த இனத்தவர் யாரையும் ஏற்பதில்லை. விளம்பரத்திலும் அதைப் போட்டிருக்கிறேன். கூடத் தொழில் செய்யும் தோழி, இது பாகுபாடு என்கிறாள். என் உடம்பு, என் விருப்பம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா?

பதில்: இருக்கிறது. இதை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால், பாகுபாடு என்ற பேச்சைச் சாக்காக வைத்து, “காசு கொடுக்கிறேன், நீ எப்படி மாட்டேன் என்பாய்?” என்று கேட்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. நியூசிலாந்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பேசி முடித்த பிறகும், நடுவிலும்கூட மறுக்கலாம். ஒப்பந்தம் போட்டதாலேயே சம்மதம் தந்ததாகிவிடாது. பெல்ஜியத்தில் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, வாடிக்கையாளரை மறுத்ததற்காக ஒருவரை முதலாளி வேலையிலிருந்து நீக்க முடியாது.

ஆனாலும் உங்கள் தோழி சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஓர் ஆளிடம் பேசிப் பார்த்து ‘இவர் வேண்டாம்’ என்று முடிவெடுத்தால், அது உங்களுக்கும் அவருக்கும் நடுவில் முடிந்துவிடும். விளம்பரத்தில் ஓர் இனத்தின் பெயரைப் போட்டு ‘அழைக்க வேண்டாம்’ என்றால், உங்களை அழைக்கும் எண்ணமே இல்லாதவரும் அதைப் படித்து அவமானப்படுகிறார். சேவை தருவோர் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்று சட்டமுள்ள இடங்களில் அந்த ஒரு வரியே வம்பை விலைக்கு வாங்கித் தரலாம். அதை எடுத்துவிடுங்கள்.

பாதுகாப்புக்காகத்தான் போட்டேன் என்பீர்கள். அந்த வரி பாதுகாப்பு தராது. தடை செய்யாத இனத்திலிருந்தும் முரடன் வருவான். போனில் பேசும் விதத்தைக் கவனியுங்கள். சொன்ன தொகைக்கு ஒத்துக்கொண்டுவிட்டு மறுபடி பேரம் பேசுகிறாரா? ஆணுறை இல்லாமல் முடியுமா என்று நச்சரிக்கிறாரா? ‘தனியாகவா இருக்கிறாய்?’ என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாரா? இதில் ஒன்று போதும், துண்டித்துவிடலாம்.

சிலர் அந்த இனத்தவரை ஏற்கிறார்கள், ஆனால் இரட்டிப்புத் தொகை கேட்கிறார்கள். அதைத் தனிப்பட்ட விருப்பம் என்று என்னிடம் யாரும் வாதாட வேண்டாம். கூடுதல் பணத்துக்கு ஒத்துக்கொள்ள முடிகிறதென்றால், அது இனத்துக்கு விதித்த அபராதம்தான். வாடிக்கையாளரைப் பிடித்துத் தரும் ஏஜென்சிக்காரரும் ‘விருப்பம்’ என்று சொல்ல முடியாது, அவர் உடம்பா அங்கே இருக்கிறது? வருகிற அழைப்புகளை அவரே இனம் பார்த்துக் கழிக்காமல் உங்களிடம் கேட்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி வாடிக்கையாளர்களின் விஷயம் வேறு. பெரும்பாலும் தயக்கத்துக்குக் காரணம் வெறுப்பு இல்லை, எப்படிச் சமாளிப்பது என்ற பயம்தான். ‘அறைக்குப் படியேற வேண்டும், ஆளைத் தூக்க என்னால் முடியாது’ என்று உள்ளதைச் சொல்லுங்கள். உதவியாளரோடு வரலாமா என்று அவரே கேட்கக்கூடும்.

மற்ற யாரை மறுத்தாலும் காரணம் சொல்லத் தேவையில்லை. ‘என்னால் இயலாது, மன்னிக்கவும்’ என்று ஒரு மெசேஜ் போதும். ஏன் என்று கேட்டு வரும் அடுத்த மெசேஜுக்குப் பதில் போடாதீர்கள்.