அமெரிக்காவில் 600 ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி கோடீஸ்வரன்தானே? அவனுக்கு என்ன கவலை?

வாட்ஸப்பில் சுற்றும் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள். ஏசி கேபினில் உட்கார்ந்து பாட்டு கேட்டபடி ஒருவன் மக்காச்சோளம் அறுப்பான். கீழே 'நம் விவசாயியும் இருக்கிறானே' என்று ஒரு வரி. எனக்கு மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள்.

2018இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துக்கு வேளாண் பொறியியல் படிக்கப் போனேன். தானியக் குதிருக்குள் வெப்பமானிக் கம்பிகளைத் தொங்கவிட்டு, எந்த இடத்தில் சூடு ஏறுகிறது என்று பார்ப்பது என் ஆய்வு. அதற்கு மூன்று குதிர் கொடுத்து உதவியது ஒரு அப்பாவும் மகனும். மகனுக்கு அப்போது 25 வயது. பெயர் வேண்டாம்.

அவர்களும் 600 ஏக்கர்தான் உழுதார்கள். அதில் சொந்தம் 160. மீதி குத்தகை. நிலம் ஏக்கர் 7,000 டாலருக்கு மேல் விற்ற காலம், எங்கிருந்து வாங்குவது? 2012 வறட்சியில் புஷலுக்கு ஏழு டாலரைத் தாண்டிய மக்காச்சோளம் (ஒரு புஷல் 56 பவுண்டு, சுமார் 25 கிலோ) நான் போனபோது நாலு டாலரைத் தொடவே திணறியது. அந்த வீட்டு அம்மா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தார். சம்பளத்துக்காக இல்லை, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு வேண்டுமே. மானியம் கிடைக்கவில்லையா என்பீர்கள். கிடைத்தது. சீனாவோடு வரிச் சண்டை வந்து சோயா விலை விழுந்தபோது அரசாங்கம் காசோலை அனுப்பியது. அதை நான் மறைக்கவில்லை. அது உரக்கடைக்குப் போனதையும் பார்த்தேன்.

மகன் அதிகம் பேச மாட்டான். சரளைக்கல் ரோட்டில் எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்குவான். அந்த ஊரில் அதுதான் வணக்கம். ஈரமானி கையில் இருந்தாலும் முதலில் ஒரு மணியைக் கடித்துப் பார்ப்பான். என் அப்பா நெல்லைக் கடிப்பது போலவே, கடைவாய்ப் பல்லில் வைத்து. 'பதினேழு' என்பான். மானி 16.8 காட்டும்.

2019 மோசமான வருடம். வசந்தத்தில் விடாத மழை, விதைப்பு பிந்திவிட்டது. அறுவடையிலும் ஈரம். நீண்ட நாள் வைக்க 15 சதவீதத்துக்குக் காயவைக்க வேண்டும். ஊர் மொத்தமும் ஒரே நேரத்தில் உலர்த்தியை ஓட்டியதில் புரோபேன் எரிவாயுவுக்கே தட்டுப்பாடு. பாதி காய்ந்ததையும் குதிரில் கொட்டினார்கள். எல்லோரும்தான்.

அவர்களுடைய பெரிய குதிர் 30,000 புஷல் பிடிக்கும், அதாவது 750 டன்னுக்கு மேல். 2020 பிப்ரவரியில் ஒரு நாள் இரவு என் கணினியில் நடுக்கம்பியின் நாலாவது முனை மட்டும் 60 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. சுற்றிலும் முப்பது சொச்சம். பூஞ்சை பிடித்து வேகிறது என்று அர்த்தம். அவனுக்குச் செய்தி அனுப்பினேன். 'காலையில் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறேன்' என்றான்.

காலையில் ஆகரை (குதிரின் அடியிலிருந்து தானியத்தை வெளியே தள்ளும் திருகு இயந்திரம்) ஓட்டி ஒரு லாரி ஏற்றி அப்பாவை அனுப்பியிருக்கிறான். பிறகு கட்டி தட்டி ஓட்டம் நின்றிருக்கிறது. ஆகரை நிறுத்தாமல், கயிறு கட்டாமல், கட்டியைக் குத்தி உடைக்க ஒரு இரும்புக் கம்பியோடு உள்ளே இறங்கிவிட்டான். கட்டி உடைந்தால் தானியம் நடுவில் புனல்போல் இழுக்கும். முழுதாக மூழ்க இருபது முப்பது விநாடி போதும். இடுப்பளவு புதைந்தவனையே ஆள் பிடித்து இழுத்து எடுக்க முடியாது. அப்பா திரும்பி வந்தபோது ஆகர் ஓடிக்கொண்டிருந்தது. தீயணைப்புத் தொண்டர்கள் தகரத்தை அறுத்துச் சோளத்தைப் பனிமேல் கொட்டவிட்டு, மூன்று மணி நேரம் கழித்து எடுத்தார்கள். 27 வயது.

அவனுக்குத் தெரியாதா? தெரியும். எனக்கே அவன்தான் சொல்லிக்கொடுத்தான். சட்டம் இல்லையா? பத்துப் பேருக்கு மேல் கூலியாள் இல்லாத பண்ணையில் தொழிலாளர் பாதுகாப்பு விதிகளை அமல்படுத்தக் கூடாது என்று 1976 முதல் அந்த நாட்டு நாடாளுமன்றமே கையைக் கட்டி வைத்திருக்கிறது.

'ஏசியில் உட்கார்ந்து விவசாயம் பேசுகிறான்' என்று கமெண்ட் போட வருபவர்களுக்கு: திருவாரூர்ப் பக்கம் எங்களுக்கு மூன்றரை ஏக்கர். இன்றும் அண்ணன்தான் பார்க்கிறார். கொள்முதல் நிலையத்தில் ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால் நெல்லை எடுக்க மாட்டார்கள். சரி, நியாயம்தான். ஆனால் ஈரத்தை அளக்கவே ஒன்பது நாள் காக்கவைத்தால்? ரோட்டில் குவித்த நெல் மழையில் முளைத்துப்போன பிறகு மூட்டைக்கு இவ்வளவு என்று தனியாக வேறு கேட்டார்கள். அண்ணன் கொடுத்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். ஈரம் என்று எழுதினாலே அது வந்துவிடுகிறது.

இன்னொன்று. 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று ஆபீசில் யாராவது கேலி பேசினால் எழுந்து போய்விடுவேன். காரணம் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சாவுக்கு முந்நூறு பேர் வந்திருப்பார்கள். சர்ச் வாசலில் அவன் தாத்தாவின் பழைய டிராக்டரை நிறுத்தியிருந்தார்கள். அடித்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி சாண்ட்விச்சைத் தொடாமல் நின்ற என்னைப் பார்த்து ஒரு பாட்டி உருளைக்கிழங்கை மட்டும் தட்டு நிறைய வைத்துக்கொடுத்தார். ஏப்ரல் கடைசியில் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஆறு விதைப்பு இயந்திரங்களோடு வந்து ஒரே நாளில் 600 ஏக்கரையும் விதைத்துவிட்டுப் போனார்கள். காசு வாங்கவில்லை. கொரோனாவால் நான் போகவில்லை, படம்தான் பார்த்தேன்.

நான் அனுப்பிய செய்திதான் காரணமா என்று கேட்காதீர்கள். அவன் அப்பா கேட்கவில்லை. அடக்கம் முடிந்த நாலாம் நாள் அவரே போன் செய்தார். மற்ற இரண்டு குதிரிலும் சூடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். ஒவ்வொரு முனையாகப் படித்துச் சொன்னேன். எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. 'உள்ளே இறங்காதீர்கள்' என்றேன். 'சரி' என்றார்.